வி-கிராஸுக்குப் பெரிய டயர்: 245/70-லிருந்து 265/70-க்கு

போடியிலிருந்து மலையேறி, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக்கு வாரம் தவறாமல் ஓடுகிற வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2017 மாடல், 2.5 லிட்டர் டீசல், ஐந்து கியர் மேனுவல், ஃபோர் வீல் டிரைவ். மெயின் ரோடு வரைக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கும் ஜீப் ரோடுதான் பாடு. மழை தொடங்கிவிட்டால் இரண்டு பக்கமும் சக்கரத் தடம் ஆழமாகிவிடும், நடுவில் மேடு நிற்கும். உர மூட்டை ஏற்றிப் போகும்போது பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கியர் பெட்டி, அதாவது டிஃபரன்ஷியல், அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகும். கம்பெனி டயர் தேய்ந்து மாற்றும் வேளை வந்ததும், கொஞ்சம் பெரிய டயராகவே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். இதே வண்டியோ இதே மாதிரி பிக்கப்போ வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால், அளந்தது முதல் ஓட்டிப் பார்த்தது வரை எழுதிவைக்கிறேன்.

முதலில், ஏன் டயர்? ஏன் லிஃப்ட் கிட் இல்லை? பாடியையும் சேஸியையும் சஸ்பென்ஷன் மூலம் தூக்கலாம். ஆனால் பின் ஆக்சில் தூக்கப்படாது. அது சக்கரத்தோடு சேர்ந்து கிடக்கிற பொருள். தரைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்ட வேண்டுமானால் டயரின் உயரத்தைக் கூட்டுவது ஒன்றுதான் வழி. டயர் எவ்வளவு உயர்கிறதோ அதில் பாதி அந்த இடைவெளியில் சேரும்.

கணக்கு எளிது. 245/70 R16 என்றால் அகலம் 245 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 171.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 343. அதோடு 16 அங்குல ரிம்முக்கு 406.4. மொத்தம் 749.4 மி.மீ. இதே கணக்கில் 265/70 R16 போட்டால் 777.4 மி.மீ. 28 மி.மீ. கூடுகிறது, 3.7 சதவீதம். ஆக்சிலுக்கு அடியில் 14 மி.மீ. கிடைக்கும். 265/75 R16 என்றால் 803.9 மி.மீ., 7.3 சதவீதம், அடியில் 27 மி.மீ. காகிதத்தில் பார்த்தால் 14 மி.மீ. ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். நடு மேட்டில் வண்டி உரசுவதும் உரசாமல் கடப்பதும் அந்த அளவில்தான் இருக்கிறது.

தேனியில் டயர் கடைக்குப் போனதும் கடைக்காரத் தம்பி சொன்னது: "அண்ணே, 265/75 போடுங்க. முன்னாடி ரெண்டு இஞ்ச் ஸ்பேசர் வெச்சுத் தூக்கிருவோம். வண்டி சும்மா கெத்தா நிக்கும்." எங்கள் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்க்கிற மெக்கானிக் அண்ணன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பாரம் ஏத்துற வண்டி தம்பி இது. முன்னாடி தூக்குனா ஆக்சில் ஜாயிண்ட் கோணம் மாறும், மேல் ஆர்மு போய் முட்டும். டயர் மட்டும் ஒரு சைஸ் ஏத்து, போதும்." இந்த வண்டிக்கு முன்னால் டபுள் விஷ்போன் (மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்) சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் என்ற இடைத்தட்டை வைத்துத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறைந்துபோகும். பள்ளத்தில் சக்கரம் இறங்கவில்லை என்றால் ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பயன் குறையும். அண்ணன் சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது. ஆனாலும் டேப் எடுத்து அளக்காமல் எந்த அளவையும் முடிவு செய்வதில்லை என்று இருந்தேன்.

அளப்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பலரும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரம் நேராக இருக்கும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்து "நிறைய இடம் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நிலையில் எந்தப் பிக்கப்பிலும் நிறைய இடம் இருக்கும். டயர் இடிப்பது வேறு இடத்தில். ஸ்டியரிங் முழுக்க ஒடித்திருக்க வேண்டும், அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கியிருக்க வேண்டும், கூடவே பிரேக்கும் பிடித்திருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சஸ்பென்ஷன் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் கொடுக்கும் அளவுக்குச் சக்கரம் பின்னால் தள்ளப்படும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேரும் இடம் எங்கே? மலை இறக்கத்துக் கொண்டை ஊசி வளைவில். போடிமெட்டிலிருந்து முந்தல் வரை அப்படி 17 வளைவுகள் இருக்கின்றன. எங்கள் வண்டிக்கு அதுதான் அன்றாடப் பாதை.

அதனால் அளந்தது இப்படி. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் இடது சக்கரத்தை அகலமான மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தினோம். அந்தப் பக்க ஸ்பிரிங் நன்றாக அமுங்கியது. பிறகு ஸ்டியரிங்கை இடது கடைசி வரை ஒடித்து டயரைச் சுற்றி எல்லா இடைவெளியையும் அளந்தோம். அப்புறம் வலது கடைசி வரை ஒடித்து அளந்தோம். அடுத்த சக்கரத்துக்கும் இதே வேலை. இடது பக்கம் ஒடிக்கும்போது இடது சக்கரத்தின் பின்பாகம் வண்டிக்கு உள்பக்கமாகவும், முன்பாகம் பம்பர் மூலைப் பக்கமாகவும் போகும். வலது சக்கரத்தின் பின்பாகம் வெளிப்பக்கமாக மட்ஃபிளாப்பை நோக்கி வரும். வலது பக்கம் ஒடித்தால் இதுவே மாறி நடக்கும். எல்லாவற்றிலும் மிகக் குறைவான இடைவெளி மட்ஃபிளாப் பொருத்தியிருக்கும் மூலையில் இருந்தது: பழைய டயரோடு 24 மி.மீ.

இனிக் கழித்துப் பார்த்தால் போதும். 265/70 போட்டால் அந்த 24-ல் 14 போய் 10 மி.மீ. மிஞ்சும். 265/75 போட்டால் 27 போக வேண்டும், 24 மட்டும்தான் இருக்கிறது. அதாவது நிறுத்திவைத்த நிலையிலேயே இடிக்கும். அதைப் போட வேண்டுமானால் மட்கார்டுக்கு உள்ளிருக்கும் பிளாஸ்டிக் லைனரை வெட்ட வேண்டும், அதற்குப் பின்னால் கேபின் தகடுகள் சேரும் வெல்டிங் மடிப்பைச் சுத்தியலால் அடித்துப் படிய வைக்க வேண்டும். அடித்த இடத்தில் பெயின்ட் உரியும், மலை ஈரத்தில் துரு பிடிக்கும். தோட்டத்து வண்டிக்கு அந்த வேலை தேவையே இல்லை.

அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயரளவில் 20 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 10. ஆனால் எங்கள் அலாய் 7 அங்குல அகலம். 265/70 R16-ன் அகலம் 8 அங்குல ரிம்மில் வைத்துக் குறிக்கப்படுவது. 7-லிருந்து 9 அங்குலம் வரை போடலாம் என்று அனுமதி உண்டு, எனவே எங்கள் ரிம் அந்த எல்லைக்குள் சரியாக ஆரம்பத்தில் நிற்கிறது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. குறையும். ஆகவே எங்கள் ரிம்மில் 265 என்பது நடைமுறையில் 255 போலத்தான் உட்காரும். ரிம் மாற்றாமலே, வீல் ஸ்பேசர் வைக்காமலே வேலை முடிகிறது. ஆஃப்செட் (ரிம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவு) மாறாததால் வீல் பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் புதுச் சுமை பெரிதாக வராது. சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டும் நிற்காது.

இன்னொரு அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 245/75 R16. அதன் உயரம் 773.9 மி.மீ. 265/70-க்கும் அதற்கும் 3.5 மி.மீ. தான் வித்தியாசம். அகலமோ பழைய டயர் அளவேதான். உயரம் வேண்டும், இடிக்கவும் கூடாது என்பவர்களுக்கு இதுதான் மிக நல்ல தேர்வு என்பது என் கருத்து. நான் தேடிய நேரத்தில் தேனியிலும் மதுரையிலும் ஐந்து டயர் ஒரே தயாரிப்புத் தேதியில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதையே எடுத்திருப்பேன்.

சட்டம் பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. எங்கள் வண்டி வாரா வாரம் மாநில எல்லையைத் தாண்டுகிறது. கேரளப் பக்கம் வண்டி மாற்றங்களைக் கூர்ந்து பார்ப்பார்கள். அதனால் டயர் அளவை இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொண்டேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். நீங்களும் பணம் கட்டும் முன் இதைச் செய்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு இந்தக் கேள்வி வந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

டயர் எடுக்கும்போது நான் பார்த்தவை: ஆல் டெரெய்ன் வகை, லோடு இண்டெக்ஸ் 112, வேகக் குறியீடு டி (T). 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், டி என்றால் 190 கி.மீ. வேகம் வரைக்கும். லோடு இண்டெக்ஸ் மட்டும் பழைய டயரை விடக் குறையவே கூடாது. கடையில் அளவைப் பார்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. எல்.டி. (லைட் டிரக்) என்று தொடங்கும் கனமான டயர்களும் இதே அளவில் உண்டு. லோடு இண்டெக்ஸ் 121/118 என்று எழுதியிருக்கும், பக்கச் சுவர் தடிமன், கல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எடை அதிகம். பின்னால் காலியாகப் போகும்போது குதிக்கும், பிரேக்குக்கும் வேலை கூடும். எங்கள் ஜீப் ரோட்டில் கூர்மையான பாறை குறைவு, மண்தான் அதிகம் என்பதால் சாதாரண ரகத்தையே எடுத்தேன். தயாரித்த தேதியையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். ஐந்தும் அடுத்தடுத்த வாரங்களில் இருப்பதாகப் பொறுக்கி எடுத்தோம்.

மாட்டுவது சாதாரண வேலைதான். ரிம்மில் டயரின் பீடு (உள்விளிம்பு) உட்காரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தோம். அதை விட்டால் மெதுவாகக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். வால்வு ஐந்தும் புதிது. நட்டுகளை முதலில் கையால் சுற்றி, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசியில் முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு முடித்தோம். கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் ஒரே இழுப்பில் முறுக்கி விடுவார்கள். மலையில் பஞ்சர் ஆகும்போது அந்த நட்டைக் கழற்றப் பார்த்தால் ஸ்டட்டே முறியும். நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

அடுத்தது சாக்பீஸ் சோதனை. இதற்குச் செலவே கிடையாது, ஆனால் யாரும் செய்வதில்லை. புது டயரின் தோள்பட்டையில், அதாவது தரையைத் தொடும் பட்டன்கள் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் இடத்தில், சுற்றிலும் வண்ணச் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தோம். பின்னால் ஏழெட்டு மூட்டை ஏற்றி, மேலே போய், போடிமெட்டிலிருந்து கீழே இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே உள்பக்கம் ஒட்டி முழுக்க ஒடித்தேன், இறக்கத்தில் பிரேக்கும் பிடித்தேன். கீழே வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். லைனரில் எதுவுமில்லை. பம்பர் மூலை சுத்தம். மேல் ஆர்மில் எதுவுமில்லை. வலது முன் மட்ஃபிளாப்பின் மேல் மூலையில் மட்டும் விரலகலத்துக்குச் சாக்பீஸ் தடம். நிறுத்தி அளந்தபோது 10 மி.மீ. மிஞ்சும் என்று கணக்கு சொன்ன அதே இடம். ஆல் டெரெய்ன் டயரின் தோள்பட்டை சாலை டயரைப் போல வளைந்து இறங்காது, சதுரமாக நிற்கும். அதுவும் பிரேக்கில் புஷ் கொடுத்ததும் சேர்ந்து அந்த 10 மி.மீ.யைத் தின்றிருக்கின்றன.

தீர்வு சுலபமாகக் கிடைத்தது. முதலில் மட்ஃபிளாப்பின் பின்பக்கம் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த மூலையை ஹீட் கன்னால் இளக்கிப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து ஆறவிட்டோம். பிளாஸ்டிக் ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பும். அடுத்து அலைன்மென்ட். இந்த வண்டியில் கீழ் ஆர்மில் கேம் போல்ட்டுகள் இருக்கின்றன. கம்பெனி தரும் எல்லைக்குள்ளேயே காஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவை) கொஞ்சம் கூட்டினால் சக்கரம் சில மி.மீ. முன்னால் நகரும், பின்னால் அவ்வளவு இடம் கிடைக்கும். அலைன்மென்ட் செய்பவரிடம் "டோ மட்டும் பார்த்தால் போதாது, காஸ்டரையும் மேல் எல்லைக்கு அருகில், இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காஸ்டர் கூடினால் நேர் ரோட்டில் வண்டி இன்னும் நிதானமாக ஓடும், ஸ்டியரிங் சற்றே கனக்கும். மறுபடி சாக்பீஸ் போட்டு அதே பாதையில் இறங்கினேன். தடமே இல்லை.

ஸ்டெப்னி பின்னால் சரக்குத் தொட்டிக்கு அடியில் செயினில் தொங்குகிறது. புது டயர் அங்கே ஏறுமா என்பதையும் வாங்கும் முன்பே அளந்திருந்தேன். ஏறியது, சுற்றிலும் எதிலும் முட்டவில்லை. ஐந்தாவது டயரை மிச்சம் பிடிக்கலாம், பழைய சின்ன டயரே ஸ்டெப்னியாக இருக்கட்டும் என்று பலர் சொல்வார்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அதைச் செய்யாதீர்கள். இது பார்ட் டைம் வகை. 4H (ஃபோர் வீல் டிரைவ் ஹை) போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி கட்டப்பட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் 28 மி.மீ. சிறிதாக இருந்தால் பிடிப்புள்ள தரையில் முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். மலையில் பஞ்சர் ஆவதே சேற்றுப் பாதையில்தான், அங்கேதான் 4H-ம் தேவைப்படும்.

மாற்றிய பிறகு என்ன வித்தியாசம்? ஸ்பீடோமீட்டர் முன்பு 80 காட்டும்போது ஜி.பி.எஸ்.ஸில் 76 இருந்தது. இப்போது 80-க்கு 79. கம்பெனி மீட்டர் எப்போதும் சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால் இந்த அளவில் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டன. 265/75 போட்டிருந்தால் மீட்டர் உண்மையை விடக் குறைத்துக் காட்டத் தொடங்கியிருக்கும். அது ஆபத்து.

மைலேஜ் கணக்கில் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. கணக்குப்படி முன்பு கிலோமீட்டருக்கு 425 சுற்று, இப்போது 409. ஓடோமீட்டர் 600 கி.மீ. என்று காட்டினால் உண்மையில் ஓடியது 622. 50 லிட்டர் போட்டிருந்தால் மீட்டர்படி 12, உண்மையில் 12.4. "பெரிய டயர் போட்டேன், மைலேஜ் விழுந்துவிட்டது" என்று சொல்பவர்கள் முதலில் 1.037-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அப்படிப் பெருக்கிய பிறகும் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது, லிட்டருக்கு அரைக் கிலோமீட்டருக்குள்.

ஏற்றத்தில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இந்த எஞ்சினின் 320 நியூட்டன் மீட்டர் இழுவை 1,800-லிருந்து 2,800 ஆர்.பி.எம். வரை கிடைக்கும். பெரிய டயரில் அதே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றும். முன்பு 1,800-ல் இருந்த வேகத்தில் இப்போது 1,735. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவை இரண்டாம் கியரில் எடுக்கும்போது டர்போ சற்று முன்னதாகவே சோர்ந்துவிடுகிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்து, ஆர்.பி.எம். 2,000-க்கு மேல் வைத்துத் திரும்பினால் பழையபடி இழுக்கிறது. இறக்கத்தில் பிரேக்கை முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் அழுத்த வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு டயரும் பழையதைவிடக் கனம், ஆரமும் பெரிது. எஞ்சின் பிரேக்கிங்கும் அதே அளவு குறைந்திருக்கும் என்பதால் இறக்கத்திலும் ஒரு கியர் குறைத்தே வருகிறேன். வேலையாட்களை ஏற்றி வரும் டிரைவரிடமும் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

காற்று விஷயத்தில் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பழைய அளவுக்கானது. அதே அளவில் தொடங்கி, டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. எங்களுக்குக் காலியாக இருக்கும்போது முன்னும் பின்னும் 32, பாரம் ஏற்றினால் பின்னால் 40 பி.எஸ்.ஐ. என்று நின்றது. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குள்ளேயேதான் இது.

ஜீப் ரோட்டில் முன்பு உரசிய இடங்களில் பெரும்பாலானவற்றை இப்போது வண்டி சத்தமில்லாமல் கடக்கிறது. முழுப் பாரத்தில் ஓடைக்குப் பக்கத்து மேடு மட்டும் இன்னும் லேசாக உரசுகிறது. பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்குவதால்தான் ஆக்சில் தாழ்கிறது, பின் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினாலும் அது உயராது, எனவே அந்த ஒரு மேட்டை மண்வெட்டியால் சீவிவிட்டோம். தார் ரோட்டில் 70-க்கு மேல் மெல்லிய ஊளைச் சத்தம் உண்டு, கண்ணாடி ஏற்றினால் கேட்காது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியும் இதே வண்டிக்கு 265/70 கேட்டு வந்தார். அவர் முன்னால் இரும்பு பம்பர் போட்டிருக்கிறார். அளந்து பார்த்ததில் ஒடிக்கும்போது பம்பர் மூலைக்கும் டயருக்கும் நடுவே எங்கள் வண்டியில் இருக்கும் இடத்தில் பாதிகூட இல்லை. அகலம் கூடாத 245/75-க்குச் சொல்லிவைத்திருக்கிறார். ஐந்தும் வந்து சேர்ந்ததும் அவர் வண்டிக்கும் சாக்பீஸ் போட்டுப் பார்க்கப் போகிறோம்.